1982-இல் பாட்டை நிறுத்திய ஒரு ரேடியோ நிலையத்துக்காக இன்னும் ஏன் ஏங்குகிறார்கள்?

நீங்கள் கேட்டது இது. நியூ ஜெர்சியில் உங்களோடு வேலை பார்க்கும், எழுபது வயதைத் தொட்ட அமெரிக்கர் ஒருவர், டபிள்யூஏபிசி என்ற நியூயார்க் ரேடியோ நிலையத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. கடற்கரை முழுக்க அந்த ஒரு ஸ்டேஷன்தான் கேட்டது, இரவானால் ஐந்நூறு மைல் தள்ளியிருந்த பாட்டி வீட்டிலும் எடுத்தது, பாட்டு வேறெங்கும் அப்படி ஒலித்ததில்லை, டி.ஜே.க்கள் எங்களுக்குப் பிடித்ததைத் தேடிப் போட்டார்கள், ஊரே இருளில் மூழ்கிய அன்று பாட்டு இழுத்து இழுத்து ஓடியது என்றெல்லாம் சொல்கிறார். அந்தப் பாட்டெல்லாம் இப்போது போனிலேயே கிடைக்கிறதே, அப்புறம் என்ன ஏக்கம், அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பது உங்கள் சந்தேகம். பார்வைக்கு இது பழைய பாட்டைப் பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் அவர் சொன்னவற்றை வரிசையாகப் பாருங்கள்: எதிலும் ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை. எல்லாமே ஒலி எப்படி வந்தது, எங்கே வந்தது, யாரோடு வந்தது என்பதைப் பற்றியவை. அதனால்தான் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

என் பிழைப்பு மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களோடுதான், தமிழ்நாட்டில். அமெரிக்க நிலையம் எதிலும் வேலை பார்த்ததில்லை. டபிள்யூஏபிசி பாட்டுப் போட்ட காலத்தில் அதை நேரில் கேட்டவனும் இல்லை. அதன் பழைய ஒலிப்பதிவுகளைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன், அவ்வளவுதான். ஆகவே ஒலி, அலை, இயந்திரம் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். மனசு ஏன் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதில் என் பேச்சுக்கு அந்த எடை கிடையாது.

சுருக்கமாக வரலாறு. ஏபிசி நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த நிலையம் 770 கிலோஹெர்ட்ஸில், 50 கிலோவாட் சக்தியில், நியூ ஜெர்சியின் லோடை என்ற ஊரிலிருந்த கோபுரத்திலிருந்து ஒலித்தது. 1960 டிசம்பரில் 'டாப் ஃபார்ட்டி' பாணிக்கு, அதாவது அப்போது அதிகம் விற்கும் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும் பாணிக்கு மாறியது. 1963-இல் ரிக் ஸ்க்லார் நிகழ்ச்சி இயக்குநராக வந்த பிறகு அது ஒரு கடிகாரம் போல ஓடத் தொடங்கியது. காலையில் ஹெர்ப் ஆஸ்கர் ஆண்டர்சன், 1968 முதல் ஹாரி ஹாரிசன். பகலில் ரான் லண்டி. மாலையில் டேன் இங்க்ராம். இரவில் எல்லோரும் 'கசின் புரூசி' என்று கூப்பிட்ட புரூஸ் மாரோ. நள்ளிரவை ஒட்டிச் சக் லெனார்ட். 1982 மே 10 நண்பகலில் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சு நிலையமாக மாறியது. உங்கள் நண்பருக்கு இப்போது எழுபது என்றால், அவருடைய பத்திலிருந்து இருபது வயது வரை அப்படியே இந்தக் காலத்துக்குள் விழுகிறது.

இந்தப் பாணி எப்படிப் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. உங்கள் நண்பரும் சொல்லியிருப்பார். ஒமாஹாவில் கேஓடபிள்யூஎச் நிலையத்தை நடத்திய டாட் ஸ்டார்ஸ் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். வந்தவர்கள் எல்லாம் ஜூக்பாக்ஸில் அதே சில பாட்டுகளையே காசு போட்டுக் கேட்டார்கள். கடை சாத்தும் நேரத்தில், நாள் முழுக்க அதையே கேட்டுக் களைத்த பணிப்பெண்ணும் தன் கைக்காசைப் போட்டு அதே பாட்டையே போட்டாள். அங்கே ஸ்டார்ஸுக்குப் பொறி தட்டியது என்பது கதை. ஐம்பதுகளில் ஸ்டார்ஸும் டல்லாஸில் கார்டன் மெக்லெண்டனும் இந்தப் பாணியை வளர்த்தது வரலாறு. மதுக்கடைக் காட்சிக்கு நான் அந்த மதிப்பைக் கொடுக்க மாட்டேன். சொல்பவருக்குச் சொல்பவர் ஆண்டும் மாறுகிறது, கூட இருந்த ஆளும் மாறுகிறார். அந்தக் கதையில் மாறாதது ஒன்றுதான்: மக்கள் புதிதாக நாற்பது பாட்டுக் கேட்க விரும்புவதில்லை, பிடித்த நாலைந்தை நாற்பது தடவை கேட்க விரும்புகிறார்கள். ஸ்க்லார் தன் நிலையத்தைக் கட்டியது இதன் மேல்தான். பெயரில் நாற்பது இருந்தாலும் அவர் சுற்றில் விட்ட பாட்டுகள் அதைவிடக் குறைவு. முதலிடத்துப் பாட்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். எப்போது ரேடியோவைத் திருப்பி அரை மணி நேரம் கேட்டாலும் அந்தப் பாட்டு மாட்டுவதற்கு ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு. "நான் போட்டவுடனே என் பாட்டு வந்தது" என்று ஒரு தலைமுறையே சொல்வதில் மாயம் எதுவும் இல்லை. கணக்கு அப்படி.

அடுத்தது, வேறெங்கும் பாட்டு அப்படி ஒலித்ததில்லை என்பது. இதில் உங்கள் நண்பர் சொல்வது முழுக்க உண்மை. டபிள்யூஏபிசி தன் ஒலி முழுவதையும், பேச்சும் பாட்டும் சேர்த்தே, ஒரு எதிரொலிக் கருவி வழியாக அனுப்பியது. அந்தக் காலத்தில் இதற்குச் சுருள் கம்பியையோ, தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகட்டையோ அதிரவைத்து, அந்த அதிர்வைத் திரும்ப எடுத்து மூல ஒலியோடு கலப்பார்கள். ஒரு பெரிய மண்டபத்தில் நிற்பது போன்ற பிரமை வரும். அதற்கு மேல் கம்ப்ரெஸ்ஸர், லிமிட்டர். சன்னமான ஒலியைத் தூக்கி, உரத்த ஒலியை அழுத்தி, டிரான்ஸ்மிட்டருக்குள் போகும் ஒலி எந்நேரமும் உச்சத்தை ஒட்டியே இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். எதிரொலிக்கு இங்கே இன்னொரு லாபமும் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விழும் பள்ளத்தை அதன் வால் நிரப்பிவிடும். கேட்பவருக்கு முள்ளை நகர்த்தும்போதே இந்த நிலையம் மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாக, அருகில் இருப்பது போலத் தெரியும். வாட் கணக்கில் இதே சக்தியுள்ள நிலையங்கள் அந்த ஊரில் வேறும் இருந்தன. காதுக்கு அவை அப்படித் தெரியவில்லை.

கேட்ட கருவியையும் மறக்கக் கூடாது. சட்டைப் பைக்குள் போகிற டிரான்சிஸ்டர் ரேடியோ. அதில் உள்ளங்கையில் பாதி அளவு ஸ்பீக்கர். அடித்தொனி அதில் வராது. உயர் தொனியை ஏ.எம்., அதாவது மீடியம் வேவ் ரேடியோவின் சுற்றே வெட்டிவிடும். மிஞ்சுவது நடுவில் இருக்கும் ஒரு பட்டை. அன்றைய இசைத் தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மோட்டவுன் போன்ற நிறுவனங்கள் பாட்டைக் கலந்து முடித்ததும் கார் ரேடியோ அளவு சிறிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். அதாவது, பாட்டே அந்தச் சின்ன ஸ்பீக்கருக்காகத்தான் செய்யப்பட்டது. இன்று உங்கள் போனில் இருப்பது பெரும்பாலும் பின்னாளில் துலக்கிய ஸ்டீரியோ வடிவம், சில சமயம் வானொலிக்காக வெட்டாத நீளமான ஆல்பம் வடிவம். போதாக்குறைக்கு, பாட்டு விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று இசைத்தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிடும் பழக்கம் அன்றைய டாப் ஃபார்ட்டி நிலையங்கள் பலவற்றில் இருந்தது. ஆகவே "இப்போது கேட்டால் அந்தப் பாட்டு மந்தமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். அவர் கேட்ட பாட்டும் நீங்கள் கேட்கும் பாட்டும் ஒலியளவில் ஒன்றல்ல.

பாட்டி வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஐந்நூறு மைல் என்றால் எண்ணூறு கிலோமீட்டர். பகலில் அந்தத் தூரத்துக்கு மீடியம் வேவ் போகாது. வானில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் 'டி' அடுக்கு, வெயில் இருக்கும்வரை இந்த அலையை விழுங்கிவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலை அதற்கும் மேலே ஏறி, 'இ', 'எஃப்' அடுக்குகளில் பட்டு வளைந்து, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். அமெரிக்காவில் சில அலைவரிசைகளை 'கிளியர் சேனல்' என்று ஒதுக்கி, இரவில் வேறு நிலையங்கள் குறுக்கிடாதபடி பாதுகாத்தார்கள். 770 அப்படிப்பட்ட ஒன்று. குளிர்காலத்தில் நியூயார்க்கில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், ஒஹையோவிலோ வட கரோலினாவிலோ இருக்கும் பையன் பள்ளிப் பாடத்தை முடிக்கும் நேரத்துக்கெல்லாம் கசின் புரூசியின் குரல் போய்ச் சேர்ந்திருக்கும். இதை நம்புவதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆனால் திசை முக்கியம். நியூ மெக்சிகோவின் ஆல்பக்கர்க்கியில் கேஓபி என்ற நிலையத்துக்கு 1941-இல் இதே 770-ஐத் தற்காலிகமாக என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் பல பத்தாண்டு வழக்காக இழுத்தது. அமெரிக்க ஒலிபரப்பு வரலாற்றில் பேர்போன வழக்கு அது. ஆகவே அரிசோனாவிலோ மேற்கு டெக்சாஸிலோ வளர்ந்த ஒருவர் "எங்கள் ஊரில் டபிள்யூஏபிசி தினமும் துல்லியமாக எடுக்கும்" என்றால், நான் கொஞ்சம் புருவத்தை உயர்த்துவேன். இன்னொன்று: மிகத் தூரத்தைவிட, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் வட்டத்தில்தான் இரவில் ஒலி மோசமாக இருந்திருக்கும். அங்கே தரையோடு வரும் அலையும் வானத்திலிருந்து இறங்கும் அலையும் கிட்டத்தட்டச் சமபலத்தில் மோதிக்கொண்டு ஒன்றையொன்று அழிக்கும். பாட்டு குழைந்து, கரகரத்து, நடுவில் காணாமல்போய்த் திரும்ப வரும். அந்த வட்டத்துக்குள் வளர்ந்தவர்கள் யாரும் இதை நினைவுகூர்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. எண்ணூறு கிலோமீட்டர்க்காரர்கள்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது எதிர்பாராமல் கிடைத்தது.

கடற்கரை முழுக்க ஒரே ஸ்டேஷன், நடந்துகொண்டே போனாலும் பாட்டில் ஒரு வரிகூடத் தவறாது என்பது இந்த நிலையத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் நினைவு. இதை ஆண்டைக் கேட்காமல் ஏற்கவோ மறுக்கவோ முடியாது. அறுபதுகளின் முதல் பாதியில் நியூயார்க்கில் இந்தப் பாணிக்குப் போட்டி கடுமை. 1010-இல் டபிள்யூஐஎன்எஸ் இருந்தது. அது 1965 ஏப்ரலில் முழுநேரச் செய்தி நிலையமாக மாறியது. 570-இல் 'குட் கைஸ்' என்ற பெயரில் டபிள்யூஎம்சிஏ இருந்தது. வெறும் 5 கிலோவாட். ஆனாலும் நகரத்துக்குள் டபிள்யூஏபிசியைத் திணற அடித்தது. புறநகரிலும் தொலைவிலும்தான் 50 கிலோவாட்டின் பலம் தெரிந்தது. டபிள்யூஎம்சிஏ 1970-இல் பேச்சுக்கு மாறிவிட்டது. ஆகவே 1964-ஆம் ஆண்டுக் கடற்கரை என்றால் பக்கத்துப் பக்கத்து விரிப்பில் இரண்டு நிலையங்களாவது கேட்டிருக்கும் என்பது என் ஊகம். 1972-ஆம் ஆண்டு ஜெர்சி கடற்கரை என்றால் அவர் சொல்வது அனேகமாகச் சரி. அலை உப்புத் தண்ணீர் மேல் போகும்போது நிலத்தைவிட மிகக் குறைவாகவே தேயும் என்பதும் சேர்ந்துகொள்ளும். இலங்கை வானொலியைப் பகலிலும் தெளிவாகக் கேட்ட நம் கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு வரிகூடத் தவறாது என்பதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஏ.எம். ரேடியோவில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் ஒரே ஸ்வரத்தைப் பாடும். அலை ஒளி வேகத்தில் வருகிறது. பெட்டிக்குள் சேமித்து வைத்துத் தாமதிக்கும் வேலையே இல்லை. இன்று அதே கடற்கரையில் ஐம்பது பேர் போனில் ஒரே இணைய வானொலியைத் திறந்தால் ஐம்பதும் சில நொடிகள் முன்பின்னாகவே ஓடும்; நடந்து போகிறவருக்குக் கூச்சல்தான் மிஞ்சும். 1964 ஆகஸ்டில் பீட்டில்ஸ் குழு நியூயார்க்கின் டெல்மோனிகோ ஹோட்டலில் தங்கியபோது, டபிள்யூஏபிசி உள்ளேயிருந்து நேரடியாக ஒலிபரப்பியது. கீழே தெருவை அடைத்து நின்ற பிள்ளைகள் கையிலிருந்த டிரான்சிஸ்டரில் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிலையத்தின் ஜிங்கிள், அதாவது அதன் பெயரைப் பாடும் குட்டிப் பாட்டு, ஒலித்ததும் கூட்டம் மொத்தமும் கூடவே பாடுகிறது. பதிவில் கேட்டால் புல்லரிக்கும். அந்தத் தள்ளுமுள்ளில் ரிங்கோ ஸ்டார் கழுத்திலிருந்த செயின்ட் கிறிஸ்டோபர் பதக்கத்தை ஒரு பெண் பறித்துக்கொண்டு போக, நிலையம் ஒலிபரப்பில் கேட்டுக்கொண்டு அதை மீட்டுக் கொடுத்த கதையும் அதே தங்கலில் நடந்ததுதான்.

டி.ஜே.க்கள் எங்களுக்குப் பிடித்ததைத் தேடிப் போட்டார்கள் என்பது மட்டும் தவறு. இதற்குக் காரணம் நிலையத்தின் பொற்காலத்துக்கு முன்பே நடந்துவிட்டது. 1959-இல் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போடும் 'பேயோலா' விவகாரம் வெடித்தது. அப்போது டபிள்யூஏபிசியில் இருந்த ஆலன் ஃப்ரீட், தான் ஒருபோதும் காசு வாங்கியதில்லை என்று எழுதிக் கையெழுத்திட மறுத்ததால் அந்த நவம்பரில் வேலையை இழந்தார். அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒலிவாங்கி முன் இருப்பவரிடமிருந்து நிர்வாகத்தின் கைக்குப் போனது. டபிள்யூஏபிசியில் ஒவ்வொரு வாரமும் இசைத்தட்டுக் கடைகளுக்குப் போன் போட்டு எது விற்கிறது என்று விசாரித்துப் பட்டியலைத் தயாரித்தார்கள். டேன் இங்க்ராமுக்கு அந்தப் பட்டியலில் ஒரு பாட்டுப் பிடிக்காவிட்டால் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கிண்டல் அடிப்பது. அதை அவர் தாராளமாகச் செய்தார். பாட்டு முடிந்த மறுநொடியே அதன் தலைப்பைத் திருகி ஒரு நையாண்டி, விளம்பரத்தைப் படிக்கும்போதே அந்தப் பொருளை லேசாகச் சீண்டுவது, பிறகு அடுத்த பாட்டின் முன்னிசை மேல் பேசிக்கொண்டே போய், பாடகர் வாயைத் திறப்பதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் நிறுத்துவது. முன்னிசை எத்தனை நொடி என்பது அவருக்கு மனப்பாடம். அறிவிப்பாளர்கள் பலரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏழு நொடிக்குள் ஒரு நகைச்சுவையைத் தொடங்கி, முடித்து, மூச்சும் வாங்காமல் ஒதுங்குவது எல்லோருக்கும் வராது. பாட்டு கம்பெனியுடையது, பட்டியல் ஸ்க்லாருடையது, அந்த ஏழு நொடி மட்டும் இங்க்ராமுடையது. உங்கள் நண்பர் "எங்களுக்காகப் போட்டார்கள்" என்று சொல்வது அந்த ஏழு நொடியைத்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கரண்ட் போன அன்று பாட்டு இழுத்தது என்பதை நீங்கள் கதை என்று ஒதுக்கியிருப்பீர்கள். ஒலிப்பதிவு இருக்கிறது. 1965 நவம்பர் 9, மாலை ஐந்தே கால் மணி அளவில் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு மின் நிலையத்தின் ரிலே தட்டிவிட்டது; அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வடகிழக்கு அமெரிக்கா அடுக்கடுக்காக விழுந்தது; சுமார் மூன்று கோடிப் பேர் இருளில். அந்த நேரம் ஒலிபரப்பில் இருந்தவர் இங்க்ராம். பாட்டு மெல்ல மெல்லக் கீழே இறங்குவதை அவரே கவனித்து, வேறு சுருதியில் வாசிக்கிறார்களே என்ற தொனியில் வேடிக்கை பேசுகிறார். பிறகு ஜிங்கிளும் விளம்பரமும்கூடக் குழைகின்றன. நடந்தது இதுதான்: இசைத்தட்டையும் நாடாவையும் சுழற்றியவை சின்க்ரனஸ் மோட்டார்கள். அவை மின்னழுத்தத்தைப் பார்ப்பதில்லை, மின்சாரத்தின் அலைவெண்ணையே பின்பற்றும். மின்தொகுப்பு சரியும்போது முதலில் விழுவது அந்த அலைவெண். 60 ஹெர்ட்ஸ் 55-க்கு இறங்கினால் பாட்டின் சுருதி, ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு கீழே போகும். இசையறிவு இல்லாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். நம் பக்கம் தென்னக மின்தொகுப்பு 48.5 ஹெர்ட்ஸில் தவழ்ந்த காலத்தில் சுவர்க் கடிகாரங்கள் பின்தங்கியதும், ஸ்டுடியோ நாடா இயந்திரங்கள் சற்றே சோம்பலாக ஓடியதும் எனக்குப் பழக்கமான விஷயம். அதனால் அந்தப் பதிவைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த சில நிமிடத்தில் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த வயிற்றுக் கலக்கம்தான் வந்தது. நகரத்தின் மின்சாரம் சாகப்போகிறது என்பதை ஒரு பாட்டின் சுருதி முன்கூட்டிச் சொன்னது. உங்கள் நண்பருக்கு அப்போது பத்து வயது இருந்திருக்கும். அன்று நேரில் கேட்டாரா, பின்னாளில் அந்தப் பதிவைக் கேட்டு நேரில் கேட்டதாக மனசில் பதிந்துவிட்டதா என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

இந்தக் கடைசிச் சந்தேகம் எல்லா நினைவுகளுக்கும் பொருந்தும். அந்தக் காலத்து நிலையங்களில் 'ஸ்கிம்மர்' என்று ஒரு பதிவுக் கருவி இருக்கும். மைக்கைத் திறந்தால் நாடா ஓடும், மூடினால் நிற்கும். நிர்வாகம் அறிவிப்பாளரைக் கண்காணிக்கவும், அறிவிப்பாளர் அடுத்த வேலைக்கு மாதிரி அனுப்பவும் அது உதவியது. பாட்டு, நீண்ட விளம்பரம் எல்லாம் போய், பேச்சும் ஜிங்கிளும் பாட்டின் வாலும் தலையும் மட்டும் மிஞ்சும். மூன்று மணி நேர நிகழ்ச்சி பத்து நிமிடமாகச் சுருங்கிவிடும். ரசிகர்கள் பல ஆண்டுகளாகக் கைமாற்றிய நாடாக்களும், இன்று இணையத்தில் கேட்பவையும் பெரும்பாலும் இப்படிச் சுருக்கியவையே. அவற்றைக் கேட்டால் டபிள்யூஏபிசியில் ஓயாமல் யாரோ நகைச்சுவை சொல்லிக்கொண்டும், டல்லாஸில் பாம்ஸ் நிறுவனம் பாடிக் கொடுத்த ஜிங்கிள்கள் ஓயாமல் ஒலித்துக்கொண்டும் இருந்தது போலத் தோன்றும். உண்மையில் ஒரு மணி நேரத்தில் கணிசமான பங்கு விளம்பரம்: பரு மருந்து, குளிர்பானம், கார் விற்பனை. மிச்சத்தில் பெரும்பகுதி, காலையிலேயே இரண்டு தடவை கேட்ட அதே பாட்டுகள். அன்றே இதற்காக நிலையத்தைத் திட்டியவர்கள் உண்டு. அவர்கள் எஃப்.எம்.முக்குப் போனார்கள்; நினைவுகளை எழுதுவது போகாமல் இருந்தவர்கள்.

எஃப்.எம். வந்ததுதான் முடிவுக்கும் காரணம். ஏ.எம். நிகழ்ச்சியையே எஃப்.எம்.மிலும் அப்படியே ஓட்டக் கூடாது என்று அறுபதுகளின் நடுவில் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்ததும், அந்த அலைவரிசைகளில் தனித்தனி ரசனைக்குத் தனித்தனி நிலையங்கள் முளைத்தன. ராக் ஒரு பக்கம், சோல் ஒரு பக்கம். 1978 ஜூலையில் டபிள்யூகேடியூ என்ற எஃப்.எம். நிலையம் டிஸ்கோவுக்கு மாறி, சில மாதங்களிலேயே டபிள்யூஏபிசியை முதலிடத்திலிருந்து தள்ளியது. 1979-இல் ஹாரி ஹாரிசனை வெளியேற்றினார்கள். 1981-இல் பேஸ்பால் ஆட்ட வர்ணனை நுழைந்தது. 1982 மே 10 காலை ஒன்பது மணிக்கு லண்டியும் இங்க்ராமும் சேர்ந்து உட்கார்ந்து, மூன்று மணி நேரம் விடைபெறும் நிகழ்ச்சி நடத்தினார்கள். கடைசிப் பாட்டு ஜான் லெனனின் 'இமேஜின்'. பிறகு நிலையத்தின் ஜிங்கிள், சில நொடி அமைதி, அப்புறம் பேச்சு நிலையம். ஒலித்தரம்தான் எஃப்.எம்.மை ஜெயிக்க வைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் படுகிறது. ஏ.எம்.மில் ஒரே பட்டியலில் மோட்டவுன், நாட்டுப்புற கிட்டார் பாட்டு, பிரிட்டன் குழு, படப் பாட்டு எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பிடிக்காததையும் மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எஃப்.எம்.மில் அந்தப் பொறுமைக்கு வேலை இல்லை. கறுப்பினத்து அறிவிப்பாளர் சக் லெனார்டும் புரூக்ளின் வளர்ப்பான கசின் புரூசியும் அடுத்தடுத்த நேரத்தில் ஒரே பட்டியலை வாசித்த நிலையம் உடைந்து ஆளுக்கொரு நிலையமானது. அப்பாவும் மகளும் ஒரே காரில் ஒரே பாட்டைக் கேட்டுச் சண்டை போட்டதும் அதோடு முடிந்தது.

அப்புறம் ஏன் ஏக்கம் என்ற கேள்விக்கு உளவியல்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் பதிந்தவை முதுமையில் மற்றக் காலத்தைவிட அதிகமாகத் திரும்பி வருகின்றன, இசை அதிலும் அதிகம் என்று பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அது இருக்கட்டும். என் பதில் இன்னும் சாதாரணமானது: அவருக்கு வேண்டியது போனில் கிடைப்பதில்லை. பாட்டு கிடைக்கிறது, எதிரொலி, ஏழு நொடி, நேரம் சொல்லும் முன் ஒலிக்கும் மணி, பக்கத்து விரிப்பிலும் அதே நொடியில் அதே வரி, இவை எதுவும் அதில் இல்லை. இன்றும் பழைய பாட்டொன்று முடிந்ததும் அந்த ஜிங்கிள் வரும் என்று காது காத்திருப்பதாக அவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். ஆயிரம் தடவை அப்படி வந்திருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 1999 முதல் பல ஆண்டுகள் மெமோரியல் டே என்ற அமெரிக்க விடுமுறை நாளில் டபிள்யூஏபிசியே தன் பழைய ஒலிப்பதிவுகளை நாள் முழுக்க ஒலிபரப்பியது. அதனால் நல்ல தரத்தில் நிறையப் பதிவுகள் வெளியில் இருக்கின்றன. தேடும்போது 'அன்ஸ்கோப்டு', அதாவது பாட்டும் விளம்பரமும் வெட்டாத முழுப் பதிவாகப் பார்த்து எடுங்கள். அதை ஹெட்போனில் கேட்காமல், போனின் சின்ன ஸ்பீக்கரிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, வேறு வேலையைப் பாருங்கள். உங்கள் நண்பரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், பகலா இரவா. அவர் சொல்லும் ஒவ்வொரு நினைவையும் இந்த மூன்றோடு வைத்துப் பார்த்தால் எது நடந்திருக்கும், எது நடந்திருக்காது என்று பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம். கசின் புரூசி 2020-இல் அதே 770-க்குத் திரும்பி வந்து சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி தொடங்கினார் என்பது அவருக்குத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், தெரியாமல் இருக்காது.